காஞ்சிபுரத்தில் நீ தபாலில் போட்ட கவர்

மகேஷ்,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். உனக்குத் தெரியாமல் அதை விசாரித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து போன் பண்ணி, "அம்மா, கம்பெனியில பேப்பர் போட்டுட்டேன். ஜூன்லேர்ந்து நம்ம ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர்" என்றாய். நான் "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ரயில் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பாய். எல்லாம் விழுந்தது. போனை வைத்ததும் நான் செய்த முதல் வேலை, உன்னோடு ரூமில் இருக்கும் பையனைக் கூப்பிட்டு, "அவனா வேலைய விட்டானா, இல்ல கம்பெனியில அனுப்பிட்டாங்களா? உண்மைய சொல்லு" என்று கேட்டதுதான். அவன் சிரித்துவிட்டு, "இன்னா ஆன்ட்டி நீங்க, லைன்ல அவ்ளோ பேரும் அவன போவாதடான்னு கெஞ்சிகினு கீறாங்க" என்றான். அப்படியும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. உனக்காகப் பொய் சொல்கிறானோ என்று மறுநாள் முழுக்க யோசித்தேன். உன் அம்மா இப்படித்தான் என்பது உனக்குத் தெரிந்ததே. ஆனால் இந்தக் குணம் ஒரு முறை என்ன செய்தது என்பது உனக்குத் தெரியாது. அது நடந்த இடத்துக்குத்தான் நீ வேலைக்குப் போகிறாய். அங்கே போய் உட்காருவதற்குள் நீ அதை என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆண்கள் பள்ளியின் அலுவலகத்தில் நான் இருபத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தேன். ஃபாதர்கள் நடத்தும் பள்ளியில் சாமி கும்பிடும் பொட்டுக்காரி நான் ஒருத்திதான் ஆபீஸில். யாரும் என்னை வேறாக நடத்தியதில்லை. இருந்தாலும், ஆள் குறைப்பு என்று வந்தால் முதலில் என் பெயர்தான் வரும் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தேன். அப்படி நினைக்க அங்கே யாரும் எனக்குக் காரணம் கொடுக்கவில்லை. அந்தக் காரணம் என் பிறந்த ஊரான வல்லம் வடகாலில் கிடைத்தது. நீ பிறப்பதற்கு முன்னால் என் அப்பாவின் நிலத்துக்கு நாலு பேர் டேப்போடு வந்தார்கள். அப்பா அவர்களுக்கு மோர் கொடுத்தார். "சும்மா சர்வேதான் பெரியவரே, பயப்படாதீங்க" என்று சொல்லி, குடித்த டம்ளரைக் கழுவிக்கூட வைத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் அங்கே காம்பவுண்ட் சுவர் எழும்பியது. நீ இத்தனை நாளும் வேலைக்குப் போய்வந்தாயே, அந்தப் பக்கம்தான். அன்றிலிருந்து டேப் பிடித்து எதையாவது அளக்கிறவர்களை நான் நம்புவதில்லை. மரியாதையாகப் பேசினால் துளியும் நம்புவதில்லை.

கொரோனா முடிந்து பள்ளி திறந்த வருஷத்தை நினைத்துப் பார். நீ காஞ்சிபுரத்தில் காலேஜில் இருந்தாய். அந்த ஜூனில் எனக்கு வேறு வேலையே இல்லை, டி.சி. எழுதுவது ஒன்றுதான். மேசைக்கு முன்னால் அப்பாக்கள் கம்பெனி யூனிஃபார்மோடு நிற்பார்கள். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. பிரைவேட் ஸ்கூல்ல பஸ்ஸு வூட்டு வாசலுக்கே வருது, இங்கிலீஷ்லயே பேசறாங்க" என்பார்கள். சிலர் காரணமே சொல்ல மாட்டார்கள். வேலை போய் ஊருக்குத் திரும்புகிறவர்கள் அவர்கள். ஆறாம் வகுப்பில் ஒரு செக்ஷனை மூடினோம். மாடியில் இரண்டு அறைகளைப் பூட்டினோம். ரிட்டயர் ஆன வாத்தியார்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அடுத்தது யார் என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் ஃபாதர் சவரிமுத்து புதுத் தலைமையாசிரியராக வந்தார்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். முன்பிருந்த ஃபாதர் எதையும் ஆபீஸில் உட்கார்ந்து எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார். இவர் ஒன்றும் சொல்வதில்லை. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால், "சும்மா வெளிய போயிட்டு வாரேன்மா" என்பார். என்னிடம் சாவி இல்லாத ஒரே பீரோ அவர் அறையில் இருந்தது. அதில் ஒரு பச்சை ஃபைலை வைத்துப் பூட்டுவார். ஒரு நாள் கம்பெனி கார் ஒன்று வந்தது. அதிலிருந்து இறங்கிய இரண்டு பேர் கிரவுண்டில் டேப் பிடித்தார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பி.டி. மாஸ்டர் ஜோசப் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். உன்னை ஸ்டேட் லெவல் கபடிக்குக் கூட்டிக்கொண்டு போன அதே ஜோசப் சார்தான். அவர் விளையாட்டாகச் சொன்னாரோ, பயந்து சொன்னாரோ தெரியாது. "மேடம், கிரவுண்டு காலி. குடோன் வரப் போவுது பாருங்க" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் தலைவலி என்று பர்மிஷன் போட்டுவிட்டு, மூன்று மணிக்கு அவர் பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் போனேன். சிரிக்காதே. முக்காட்டைப் போட்டுக்கொண்டு, வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். ஃபாதர் பைக்கை நிறுத்தினார். செக்யூரிட்டி அவரைப் பார்த்ததும் நன்றாகத் தெரிந்தவர் போலக் கை கொடுத்தான். கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு ஆபீசர் வெளியே வந்து அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். நான் பார்த்தது அவ்வளவுதான். உடனே வந்த ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து நிமிஷம் நின்றிருந்தால் ஷிஃப்ட் விட்டிருக்கும். அவர் வெளியே வந்து, கேட்டருகே ஒவ்வொருவரையாக நிறுத்தி, "உங்க பையன் எந்த ஸ்கூல்ல படிக்கான்? இப்ப போறானா, போவலியா?" என்று கேட்டு நோட்டில் எழுதுவதைப் பார்த்திருப்பேன். தினமும் ஒரு கேட் என்று அதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். பத்து நிமிஷம் நிற்கிற பொறுமை எனக்கு இல்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் எல்லோரும் பிரேயருக்குப் போயிருந்தபோது ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு மொட்டைக் கடிதம் அடித்தேன். பிஷப் ஹவுஸுக்கு. 'தலைமையாசிரியர் பள்ளி மைதானத்தைக் கம்பெனிக்கு விற்க ரகசியமாகப் பேசிவருகிறார்' என்று எழுதினேன். அது என் சந்தேகம். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'அதற்காக அவருக்குக் கார் வாங்கித் தருவதாகக் கம்பெனியார் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்' என்று இன்னொரு வரி சேர்த்தேன். அதை நான் பார்க்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. கடிதம் படிக்க பலமாக இருக்க வேண்டும் என்று சேர்த்தேன். கீழே 'மனம் வருந்தும் பெற்றோர்கள்' என்று போட்டேன். நம் ஊர் முத்திரை விழக்கூடாது என்பதற்காக, திங்கட்கிழமை நீ காலேஜுக்குக் கிளம்பும்போது அந்தக் கவரை உன் பையில் வைத்து, "காஞ்சிபுரத்துல ஒரு போஸ்ட் பாக்ஸ்ல போட்டுடுடா" என்றேன். யாருக்கு என்று நீ கேட்கவில்லை. அதைத் தபாலில் போட்டது நீ. உன்னை அறியாமல் உன் கையையும் நான் அதில் சேர்த்துவிட்டேன். இத்தனை வருஷம் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிஷப் ஹவுஸிலிருந்து இரண்டு வயதான ஃபாதர்கள் விசாரிக்க வந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என்னையும் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது ஃபாதர்" என்று சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. பிறகு அந்தப் பச்சை ஃபைல் வெளியே வந்தது. உள்ளே ஒரு கட்டட வரைபடம் இருந்தது. ஆறு வகுப்பறை, ஒரு லேப். கம்பெனிக்காரர்கள் தங்கள் செலவில் கட்டித் தர ஒப்புக்கொண்டு இடம் அளக்க வந்திருந்தார்கள். கையெழுத்தாகும் வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஃபாதர் பூட்டி வைத்திருந்தார். முன்பு அவர் இருந்த பள்ளியில் ஒரு தடவை இப்படி ஒரு வாக்குறுதியைப் பெற்றோர் கூட்டத்தில் அறிவித்து, அது நடக்காமல் போய், ஊரே சிரித்ததாம். விசாரணையில் அவர்மேல் ஒன்றும் இல்லை என்று ஆனது. ஆனால் அந்த மாதமே கம்பெனி ஆபீசர் வந்தார். டீ கொண்டுபோனது நான். "ஏதோ கம்ப்ளெயிண்ட் போயிருக்காமே ஃபாதர். எங்க மேனேஜ்மென்ட் பிரச்சனை இருக்கற எடம் வேணாம்னு சொல்லிட்டாங்க" என்று அவர் சொல்லும்போது நான் டீயை மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஃபாதர், "சரி சார், பரவாயில்ல, டீ குடிங்க" என்றார். அந்த டம்ளரை ஆபீசர் தொடவே இல்லை.

மகேஷ், அதோடு அந்தப் பள்ளி மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அது எப்படி என்பதை நீ அங்கே வேலை செய்யப் போகிறவன் என்பதால் தெரிந்துகொள்ள வேண்டும். நோட்டில் எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபாதர் போனார். போனபோதுதான் விஷயம் புரிந்தது. அப்பாவும் அம்மாவும் முதல் ஷிஃப்டுக்கு விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். பையனை எழுப்பி அனுப்ப ஆள் இல்லை. அதற்காக ஆறரை மணிக்கே கேட்டைத் திறக்கச் சொன்னார். யார் வந்து உட்காருவது என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் பெரிய சண்டை. கடைசியில் முறை வைத்துக்கொண்டோம். முதல் முறையை அவரே எடுத்துக்கொண்டார். ஜெனரல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் பையன்கள் சாயங்காலம் ஆறரை வரை இருந்து படிக்கலாம் என்றார். கம்பெனிகளில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் செக்ஷனில் இருந்த பழைய மாணவர்கள், அங்கே கேட்டு வாங்கிய பேக்கிங் மரப்பலகைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவந்து இழைத்து பெஞ்சு செய்தார்கள். பூட்டிய மாடி அறைகள் திறந்தன. அதுவும் போதாமல் கிரவுண்டு ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டோம். இங்கிலீஷ் மீடியத்தில் ஒரு செக்ஷன் வந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். என்னிடம்தான் சேர்க்கை. நான் அந்த சர்டிபிகேட் எங்கே, இந்த சர்டிபிகேட் எங்கே என்று அவர்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். இவன் நிஜமாகவே இவருடைய பையன்தானா என்றுகூட ஒரு ஆளிடம் கேட்டேன். ஃபாதர் உள்ளே இருந்து எழுந்து வந்தார். "ஏம்மா, பையன் முன்னால நிக்கான்லா? மொதல்ல சேத்துப் போடுங்க. பேப்பரு பொறவு வரும்" என்றார். பேப்பர் பிறகு வந்தது. நான் டி.சி. எழுதிய அதே மேசையில் சேர்க்கைப் பதிவேடு ஒன்று முடிந்து, புதியது வாங்கினோம்.

இவ்வளவு நல்லது நடந்துகொண்டிருந்தபோது நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதே. விசாரணை முடிந்த கொஞ்ச நாளில் ஃபாதர் ஒரு சர்க்குலரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பிரிண்டர மாத்திருவோமாம்மா? எல்லாப் பேப்பர்லயும் ஓரத்துல கருப்பா ஒரு கோடு விழுது" என்றார். மொட்டைக் கடிதத்திலும் அந்தக் கோடு விழுந்திருக்கும். இவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் சொல்கிறாரா? அன்றிலிருந்து அவர் செய்த ஒவ்வொரு நல்லதும் எனக்குப் பொறியாகத் தெரிந்தது. பீரோ சாவியை என்னிடம் கொடுத்தார். ஏன் கொடுக்கிறார் என்று தூக்கம் போனது. உன் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பேசவைக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு மனிதரின் அன்பை நான் வேவுபார்த்தேன்.

போன வருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. எனக்கும் ரிட்டயர்மென்ட் நெருங்கியிருந்தது. அவர் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மத்தியானம் உள்ளே போய், நின்றபடியே சொல்லிவிட்டேன். "அந்தக் கடிதம் எழுதினது நான்தான் ஃபாதர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. "நீங்களாம்மா?" என்றார். அவருக்குத் தெரியவே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆறு ரூமும்மா" என்றார். "பிள்ளைய வெயில்ல தகரத்துக்குக் கீழ வேவுதுவ. ஆறு ரூமு." பிறகுதான் அவர் முகம் வேறு மாதிரி மாறியது. "நான் ஜோசப்புன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

விசாரணையில் காட்டிய கடிதத்தில் பிரிண்டர் கோட்டை அவர் பார்த்தது உண்மை. கடிதம் ஆபீஸிலிருந்து போனது என்று தெரிந்துகொண்டார். ஆபீஸ் சாவி என்னிடம்; ஆனால் ஸ்போர்ட்ஸ் சர்டிபிகேட் அடிக்க என் பிரிண்டருக்கு அடிக்கடி வருகிறவர் ஜோசப் சார். குடோன் வரப் போகிறது என்று ஸ்டாஃப் ரூமிலும் சொல்லித் திரிந்தவர் அவர். என்னை அவர் சந்தேகப்படவே இல்லை. ஜோசப் சாரைச் சந்தேகப்பட்டார். வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. உதவித் தலைமையாசிரியர் பொறுப்பு ஜோசப் சாருக்கு வர வேண்டியது, வேறொருவருக்குக் கொடுத்தார். ஊரில் எல்லா வீடும் தெரிந்த அந்த மனிதரை ஒரு கம்பெனி கேட்டுக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஸ்போர்ட்ஸ் ரூம் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார். நானும் வாங்கி மாட்டிக்கொண்டேன். ஏன் என்று யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு, அந்த ஒன்றில் மட்டும் சந்தேகமே வரவில்லை.

அன்று சாயங்காலமே ஃபாதரும் நானும் குன்றத்தூரில் ஜோசப் சார் வீட்டுக்குப் போனோம். அவர் லுங்கியோடு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃபாதர் உட்காராமலே சொன்னார்: "ஜோசப், ஒங்கள நான் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க." பிறகு என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன். ஜோசப் சார் துணியைப் பிழிந்து ஹேண்டில்பாரில் போட்டார். "அதான் இவ்ளோ நாளா என் மூஞ்சியவே பாக்கலியா ஃபாதர்? நான் இன்னா தப்பு பண்ணேன்னு வூட்ல ஒக்காந்து ரோசன பண்ணிகினே இருந்தேன்" என்றார். என்னிடம், "மேடம், நீ எழுதுனது கூடப் பரவால்ல. எனுக்குப் பதவி வராதப்போ வந்து ஆறுதல் சொன்ன பாரு, அதான் மேடம் தாங்கல" என்றார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார்கள். நான் குடிக்காமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான். ஃபாதர் போனபிறகு வந்த புது ஃபாதரிடம் நானே எல்லாவற்றையும் எழுதி, இந்த முறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜோசப் சாருக்கு ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் இருக்கிறது. பொறுப்பு இன்னும் வரவில்லை. வருமா என்று தெரியவில்லை. ஆறு அறைகளும் வரவில்லை. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியம் தகரக் கொட்டகையில்தான் நடக்கிறது. நீ பாடம் எடுக்கப் போவது அங்கேதான். மே மாதம் போய் ஒரு மணி நேரம் உள்ளே நின்று பார், பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று தெரியும். பள்ளி வளர்ந்திருக்கிறது, என்னால் அல்ல, என்னையும் மீறி.

சந்தேகப்படாதே என்று உனக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்கள் நிலத்தை விட்டார்கள். சந்தேகம் வந்தால் அந்த ஆளிடமே போய்க் கேள். கேட்க பயமாக இருந்தால் பத்து நிமிஷம் கூடுதலாக நின்று பார். நீ பார்க்காத ஒரு வரியை மட்டும் ஒருபோதும் சேர்க்காதே.

இதை நான் இன்று எழுதுவதற்குக் காரணம் ஒரு போன். நேற்றுக் காலை ஜோசப் சார் கூப்பிட்டார், ஒரு வருஷத்துக்குப் பிறகு. "மேடம், பையன் வரானாமே. ஸ்டாஃப் ரூம்ல என் பக்கத்துல ஒரு சேர் காலியா கீது. அவன அங்க ஒக்கார வெச்சிக்கறேன்" என்றார். நன்றி என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் வாயில் வந்தது, "எதுக்கு சார்?" என்பதுதான். "கபடி ஆடுன பையன் மேடம். புடிச்ச பையன். வேற இன்னா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் பக்கத்தில் போய் உட்கார், மகேஷ். எப்போதாவது அவர் இந்தக் கதையை எடுத்தால் குறுக்கே பேசாமல் கேள். நான் உள்ளதை உள்ளபடிதான் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதியவள் நான். எனக்குச் சாதகமாக எங்காவது கொஞ்சம் வளைத்திருப்பேன். அவர் சொல்வதும் நான் எழுதியதும் வேறு வேறாக இருந்தால், அவர் சொல்வதை நம்பு.

அம்மா